ஒட்டி எழுதிய அழைப்பு: 2008 ஏப்ரல் தாக்குதலும் ஸ்டோர்டு புரொசீஜர் மீதான நம்பிக்கையும்

2008 ஏப்ரலில் பல நாடுகளைச் சேர்ந்த இணையதளங்களின் தரவுத்தளங்களுக்குள் ஒரே துணுக்கு புகுந்துகொண்டது. நிஹாவ்ஆர்ஆர்1 என்ற தளத்திலிருந்து ‘1.ஜேஎஸ்’ என்ற கோப்பை இறக்கி ஓட்டும்படி உலாவிக்குச் சொல்லும் ஸ்கிரிப்ட் குறிச்சொல் அது. பொருளின் பெயர், செய்தித் தலைப்பு, ஊர்ப் பட்டியல், வாடிக்கையாளர் கருத்து என எழுத்தாகச் சேமிக்கப்பட்ட எல்லாவற்றின் வாலிலும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தைத் திறந்தவர்களின் உலாவி அந்தக் கோப்பை இறக்கியது. திருத்தங்கள் போடப்படாத கணினி என்றால் தீநிரல் உள்ளே போனது. தளத்துக்காரர்களின் தரவைத் தாக்கியவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அந்தத் தளங்களுக்கு வந்துபோகிறவர்களின் கணினிகள்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தன.

எஃப்-செக்யூர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கூகுளில் தேடிப் பார்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் துணுக்கு இருப்பதாகச் சொன்னது. இது பக்கங்களின் எண்ணிக்கை. ஒரே கடையின் பத்தாயிரம் பொருட்பக்கங்களும் இதில் பத்தாயிரமாகவே வரும் என்பதால், ‘ஐந்து லட்சம் தளங்கள்’ என்று அன்று பரவிய செய்தியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் ஐக்கிய நாடுகள் சபையின் பக்கங்களும் பிரிட்டன் அரசின் பக்கங்களும் அதில் இருந்தன. சிறு கடைகளின் அசட்டை என்று ஒதுக்கிவிட முடியாத அளவு அது.

பாதிக்கப்பட்ட தளங்களுக்கு ஒரு பொது முகம் இருந்தது. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் வலைச் சர்வர், அதன் மேல் ஏஎஸ்பி என்ற பழைய நிரலாக்க முறையில் எழுதிய பக்கங்கள், பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளம். ஐஐஎஸ்ஸில் புதுத் துளை ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் உடனே கிளம்பியது. ஏப்ரல் இறுதியிலேயே மைக்ரோசாஃப்ட் அதை மறுத்தது. ஜூன் 24 அன்று 954462 என்ற எண்ணுடன் எச்சரிக்கை அறிக்கையும் வெளியிட்டது. பயனர் தரும் உள்ளீட்டைச் சரிபார்க்காமல் வினவலில் சேர்க்கும் நிரல்களே காரணம் என்பது அதன் சாரம். எஸ்க்யூஎல் ஊசியேற்றம், அதாவது உள்ளீட்டோடு தரவுத்தளக் கட்டளையையும் நுழைத்துவிடுவது, அப்போதே பழைய விஷயம். ஃப்ராக் என்ற ஹேக்கர் மின்னிதழின் 54ஆம் இதழ் 1998 டிசம்பரிலேயே, இதே ஐஐஎஸ், இதே எஸ்க்யூஎல் சர்வர் இணையை வைத்து அதை விளக்கியிருந்தது.

பத்தாண்டுகளாகத் தெரிந்த ஓட்டை இப்படித் திறந்து கிடந்ததற்குச் சோம்பல் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைத்தான் இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. ‘எங்கள் செயலியில் எல்லாமே ஸ்டோர்டு புரொசீஜர்தான், எங்களுக்கு ஊசியேற்றம் வராது’ என்ற நம்பிக்கை அது. ஸ்டோர்டு புரொசீஜர் என்பது தரவுத்தளத்துக்குள்ளேயே பெயரிட்டுச் சேமித்து, வேண்டும்போது அழைக்கும் நிரல். அந்தக் காலத்துப் பாடங்களும் பயிற்சி வகுப்புகளும் புரொசீஜரைப் பாதுகாப்பு வழி என்றே சொல்லிக்கொடுத்தன. அந்தப் பாடங்களின் உதாரண நிரலில் புரொசீஜரோடு சேர்ந்து பாராமீட்டர்களும், அதாவது மதிப்பைக் கட்டளையோடு ஒட்டாமல் தனியே கொடுக்கும் இடங்களும், இருந்தன. கேட்டவர்கள் பலர் புரொசீஜரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

வந்த கோரிக்கை

தாக்கப்பட்ட சர்வரின் பதிவுக் கோப்பில் தடயம் அப்படியே இருந்தது. ‘ஐடி=5’ என்று முடிய வேண்டிய முகவரி, 5-க்குப் பின் ஓர் அரைப்புள்ளியை வைத்துக்கொண்டு நீண்டு போனது. முதலில் ‘டிக்ளேர்’ போட்டு @எஸ் என்றொரு மாறி. அடுத்து, அந்த மாறிக்குள் ‘காஸ்ட்’ மூலம் எழுத்தாக மாற்றி ஏற்றப்படும், பல வரிகளுக்கு ஓடும் ஒரு பதினாறடிமான எண். கடைசியில் ‘ஓட்டு’ என்று சொல்லும் ‘எக்ஸிக்’ என்ற சொல்லும் அடைப்புக்குள் @எஸ்ஸும். சில கோரிக்கைகள் அரைப்புள்ளிக்கு முன் ஓர் ஒற்றை மேற்கோள் குறியையும் வைத்திருந்தன. மேற்கோளுள்ளவை எழுத்து வகை உள்ளீடுகளுக்கு, மேற்கோள் இல்லாதவை எண் வகை உள்ளீடுகளுக்கு.

அந்த நீண்ட எண்ணை எழுத்தாக்கிப் படித்தால் உண்மையான நிரல் தெரியும். சிஸ்ஆப்ஜெக்ட்ஸ், சிஸ்காலம்ஸ் என்ற இரண்டு அமைப்பு அட்டவணைகளை இணைத்து, வரிசைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஒரு கர்சர் திறக்கிறது. பயனர் உருவாக்கிய அட்டவணைகளை மட்டும் எடுக்கிறது. அவற்றில் வகை எண் 35, 99, 167, 231 உள்ள நெடுவரிசைகளை மட்டும் பொறுக்குகிறது. டெக்ஸ்ட், என்டெக்ஸ்ட், வார்சார், என்வார்சார் என்ற நான்கு எழுத்து வகைகளின் எண்கள் அவை. பிறகு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஓர் ‘அப்டேட்’ கட்டளையைக் கட்டி ஓட்டுகிறது. இருக்கும் மதிப்போடு ஸ்கிரிப்ட் குறிச்சொல்லை ஒட்டி அதே இடத்தில் எழுதிவிடுகிறது.

நிரல் என்ற வகையில் இதைப் பாராட்டத்தான் தோன்றுகிறது. எந்தத் தளத்தின் அட்டவணைப் பெயரும் இதற்குத் தெரிய வேண்டியதில்லை, தரவுத்தளமே சொல்லிவிடும். விடை திரும்பி வர வேண்டியதில்லை, பிழைச் செய்தியைப் படித்து அடுத்த அடி வைக்கவும் வேண்டாம். ஒரே கோரிக்கையில் வேலை முடிந்துவிடும். இலக்கைத் தேடுவதும் இயந்திரத்தின் பொறுப்பே. கூகுளில் ஏஎஸ்பி பக்கங்களைத் தேடி எடுத்து வரிசையாகத் தாக்கும் கருவி ஒன்றை, இணையத் தாக்குதல்களைக் கண்காணிக்கும் சான்ஸ் இணையப் புயல் மையம் அதே ஏப்ரலில் ஆராய்ந்து வெளியிட்டது. ஒவ்வொரு தளமாக மனிதர் உட்கார்ந்து துளைபோட்ட காலம் போய்விட்டது.

புரொசீஜர் ஏன் தடுக்கவில்லை

ஒரு பொருளின் விவரத்தைக் காட்டும் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் ‘பொருள்எடு’ என்று ஒரு ஸ்டோர்டு புரொசீஜர். அது வாங்கும் பாராமீட்டர் ஒன்றே ஒன்று, முழு எண் வகை. உள்ளே தரவைப் படிக்கும் சுத்தமான ஒரு ‘செலக்ட்’ கட்டளை. யார் தணிக்கை செய்தாலும் இந்தப் புரொசீஜரில் குறை காண முடியாது.

ஏஎஸ்பி பக்கத்தில் இதை அழைக்க இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி ஒரு வரி: தரவுத்தள இணைப்புக்கான ஆப்ஜெக்டின் ‘எக்ஸிகியூட்’டுக்குள் “எக்ஸிக் பொருள்எடு ” என்ற சரத்தை (எழுத்துத் தொடரை) எழுதி, அதோடு முகவரியில் வந்த ஐடியை ஒட்டிவிடுவது. இரண்டாம் வழிக்குக் கூடுதல் வரிகள் வேண்டும். ஏடிஓ என்ற தரவு அணுகல் நூலகத்தின் கமாண்ட் ஆப்ஜெக்டை உருவாக்க வேண்டும். கட்டளை வகை ஸ்டோர்டு புரொசீஜர் என்று 4 என்ற எண்ணால் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாராமீட்டருக்கும் பெயர், வகை, திசை, அளவு, மதிப்பு ஆகிய ஐந்தையும் தந்து சேர்க்க வேண்டும். பாராமீட்டர் பத்து என்றால் அதே வரி பத்து முறை. முழு எண்ணுக்கு 3, வார்சாருக்கு 200 என்று வகை எண்களை நினைவில் வைத்திருக்க வேண்டும், அல்லது மாறிலிகள் அடங்கிய கோப்பை இணைத்துக்கொள்ள வேண்டும். மாலைக்குள் பக்கத்தை முடித்தாக வேண்டிய நிரலாளர் எதைத் தேர்ந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் வழியில் எழுதிய பக்கத்துக்குத் தாக்குதல் கோரிக்கை வந்தால் நடப்பது இது. ஒட்டிய பின் சரம் ‘எக்ஸிக் பொருள்எடு 5; டிக்ளேர் @எஸ்…’ என்றாகிறது. சர்வருக்கு இது இரண்டு மூன்று கட்டளைகள் அடங்கிய ஒரு தொகுதி. முதல் கட்டளை புரொசீஜரை 5 என்ற மதிப்போடு அழைக்கிறது. 5 முழு எண்தான், வகைச் சோதனை தேறுகிறது, புரொசீஜர் பிழையின்றி ஓடி விடை தருகிறது. அரைப்புள்ளியைத் தாண்டியதும் அடுத்த கட்டளை தொடங்குகிறது. அது புரொசீஜருக்குள் போகவே இல்லை. பாராமீட்டரை முழு எண் என்று அறிவித்த எச்சரிக்கையும், உள்ளே எழுதிய ஒழுங்கான செலக்ட்டும் அதன் பாதையில் எங்கும் குறுக்கிடவில்லை. காவல் வீட்டுக்குள் இருந்தது, திருட்டு தெருவில் நடந்துவிட்டது.

கம்பியில் போகும் இரண்டு வகை

இந்த வேறுபாடு நிரல் நடை சம்பந்தப்பட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. சரத்தை ஒட்டினால் அழுக்கான நிரல், பாராமீட்டர் போட்டால் அழகான நிரல், முடிவில் சர்வருக்குப் போவது ஒன்றே என்பது அவர்கள் எண்ணம். போவது ஒன்றல்ல.

எஸ்க்யூஎல் சர்வரும் செயலியும் டிடிஎஸ் என்ற நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு பாக்கெட்டின் முதல் பைட்டும் அது எந்த வகை என்று சொல்லும். 1 என்றால் எஸ்க்யூஎல் தொகுதி: உள்ளே இருப்பது வெறும் எழுத்து, சர்வர் அதை முதலிலிருந்து கடைசிவரை கட்டளையாகப் படித்துப் பிரிக்க வேண்டும். 3 என்றால் ஆர்பிசி, அதாவது தொலை அழைப்பு: உள்ளே புரொசீஜரின் பெயர், பிறகு ஒவ்வொரு பாராமீட்டரின் பெயர், வகை, நீளம், மதிப்பு. இந்த மதிப்பை எஸ்க்யூஎல்லாகப் படிக்கும் கட்டமே ஆர்பிசி-யில் கிடையாது. அரைப்புள்ளி, மேற்கோள், டிக்ளேர் எது வந்தாலும் மதிப்பின் ஒரு பகுதியாகவே தங்கும். வங்கிச் செலானின் பெயர்க் கட்டத்தில் ‘இந்தக் கணக்கிலுள்ள பணத்தை எல்லாம் எனக்குக் கொடு’ என்று ஒருவர் எழுதினாலும், காசாளருக்கு அது விநோதமான ஒரு பெயர், அவ்வளவே.

ஆகவே அதே தாக்குதல் கோரிக்கை இரண்டாம் வழியில் எழுதிய பக்கத்துக்கு வந்திருந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். பாராமீட்டரை ஏடிஓ-வில் முழு எண் என்று அறிவித்திருந்தால், நீண்ட சரத்தை அதில் வைக்கும்போதே 3421 பிழை எழும், கோரிக்கை வலைச் சர்வரை விட்டே வெளியேறாது. வார்சார் என்று அறிவித்து, புரொசீஜர் முழு எண் கேட்டால், தரவுத்தளம் வகையை மாற்ற முடியாது என்று 8114 பிழை தரும். இரண்டு பக்கமும் வார்சார் என்றால், அந்த நீண்ட சரத்தையே குறியீடாகக் கொண்ட பொருள் இருக்கிறதா என்று சர்வர் தேடும். இல்லை என்று வெற்று விடை வரும். மூன்றிலும் தரவுத்தளத்தில் ஓர் எழுத்துகூட மாறாது.

இதைக் கண்ணால் பார்க்க, சர்வருக்கு வரும் அழைப்புகளைப் பதிந்து காட்டும் புரொஃபைலர் கருவி அந்தக் காலத்தில் போதும். சரமாகப் போன அழைப்பு ‘எஸ்க்யூஎல் பேட்ச் கம்ப்ளீட்டட்’ என்றும், பாராமீட்டரோடு போனது ‘ஆர்பிசி கம்ப்ளீட்டட்’ என்றும் வரும். ஒரு குழப்பமும் இங்கேதான் உண்டாகிறது. மனிதர்கள் படிக்க வசதியாக, புரொஃபைலர் ஆர்பிசி-யையும் ‘எக்ஸிக் பொருள்எடு @ஐடி=5’ என்ற எழுத்து வடிவில்தான் காட்டும். இரண்டு வரிகளையும் அருகருகே பார்ப்பவர் ‘ஒரே மாதிரி இருக்கிறதே’ என்று முடிவு கட்டிவிடுவார். பார்க்க வேண்டியது நிகழ்வின் பெயர் இருக்கும் இடம்.

இந்தப் பாதுகாப்பு புரொசீஜருக்கு மட்டும் உரியதும் அல்ல. சாதாரண செலக்ட்டைப் பாராமீட்டர்களோடு அனுப்பினாலும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நூலகம் அதை எஸ்பி_எக்ஸிகியூட்எஸ்க்யூஎல் என்ற உள்ளமைந்த புரொசீஜருக்கான ஆர்பிசி-யாக மாற்றியே அனுப்புகிறது. பாராமீட்டர் போட்ட வெறும் வினவல் பாதுகாப்பானது, ஒட்டி அழைத்த புரொசீஜர் பாதுகாப்பற்றது. 2008இல் பல குழுக்களுக்கு இது தலைகீழாகத் தெரிந்திருந்தது.

உள்ளேயே ஒட்டும் புரொசீஜர்

அழைப்பைச் சரியாக எழுதிய பின்னும் ஒரு வாசல் மிச்சம். தேடல் பக்கங்களில் அதைப் பார்க்கலாம். பெயர், விலை வரம்பு, ஊர், வரிசைப்படுத்தும் நெடுவரிசை என்று பயனர் எதை வேண்டுமானாலும் தரலாம், எதையும் தராமலும் விடலாம். இதற்கான புரொசீஜருக்குள் நிரலாளர் வினவலைத் துண்டு துண்டாகச் சரமாகக் கட்டி, கடைசியில் ‘எக்ஸிக்(@வினவல்)’ என்று ஓட்டுவார். செயலியிலிருந்து பாராமீட்டர் ஒழுங்காக ஆர்பிசி-யில் வந்து சேர்கிறது. சேர்ந்த பிறகு புரொசீஜரே அதைச் சரத்தில் ஒட்டி மறுபடியும் கட்டளையாக்கிவிடுகிறது.

தேடல் பக்கத்தில் இப்படி வினவலைக் கட்டுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். எல்லாச் சேர்க்கைகளையும் ஒரே செலக்ட்டில் ‘பாராமீட்டர் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக இருந்தால் அல்லது’ என்று அடுக்கி எழுதினால், சர்வர் போடும் செயல்திட்டம் பெரும்பாலும் மோசமாகவே அமையும். கட்டலாம். ஆனால் மதிப்புகளை எஸ்பி_எக்ஸிகியூட்எஸ்க்யூஎல்லுக்குப் பாராமீட்டராகவே கடத்த வேண்டும். பாராமீட்டராகக் கடத்த முடியாதவை நெடுவரிசைப் பெயரும் ஏறு, இறங்கு வரிசையும்தான். அவற்றைப் பயனர் தந்த எழுத்திலிருந்து எடுக்கவே கூடாது. ‘விலை’ என்று வந்தால் இந்த நெடுவரிசை, ‘பெயர்’ என்று வந்தால் அந்த நெடுவரிசை என்று புரொசீஜருக்குள்ளேயே ஒரு தெரிவுப் பட்டியல் இருக்க வேண்டும். கோட்நேம் என்ற செயற்கூறு பெயரைச் சதுர அடைப்புக்குள் பத்திரமாக வைத்துத் தரும். 128 எழுத்தைத் தாண்டினால் அது நல் திருப்பும், ஒட்டிய முழு வினவலும் நல் ஆகும், ஒன்றுமே ஓடாது. பிழைச் செய்தியும் இல்லாமல் பக்கம் வெறுமையாக வருவதைப் பார்த்துத் திகைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கணக்கில் நுழைந்தது

என் பார்வையில் இந்தச் சம்பவத்தின் கனமான பகுதி இதுதான். ஊசி ஏறியது அழைப்பின் பிழை. ஏறிய ஊசி எல்லா அட்டவணைகளையும் எழுதியது கணக்கின் பிழை.

பொருள் விவரம் காட்டும் பக்கத்துக்கு எந்த அட்டவணையையும் திருத்தும் உரிமை தேவையில்லை. ஸ்டோர்டு புரொசீஜரின் உண்மையான பலமும் அங்கேதான். செயலியின் கணக்குக்கு அட்டவணைகள் மேல் எந்த உரிமையும் தராமல், புரொசீஜர்களை ஓட்டும் உரிமை மட்டும் தரலாம். புரொசீஜருக்கும் அது தொடும் அட்டவணைக்கும் உரிமையாளர் ஒருவரே என்றால், சர்வர் அட்டவணை அளவில் உரிமையைச் சோதிக்காது. உரிமைச் சங்கிலி என்று இதைச் சொல்வார்கள். எஸ்க்யூஎல் சர்வரில் தொடக்க காலத்திலிருந்தே இருக்கும் வசதி.

ஆனால் பல தளங்களின் இணைப்புச் சரத்தில், அதாவது செயலி தரவுத்தளத்தில் நுழையப் பயன்படுத்தும் விவரத்தில், அந்தத் தரவுத்தளத்தின் முழு உரிமையும் கொண்ட டிபி_ஓனர் கணக்கு இருந்தது, சிலவற்றில் சர்வருக்கே நிர்வாகியான ‘எஸ்ஏ’ கணக்கே இருந்தது. இதற்கும் ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. எஸ்க்யூஎல் சர்வர் 2000இல் ஓட்டும் உரிமையைப் புரொசீஜர் புரொசீஜராகத்தான் தர முடியும். படிக்க டிபி_டேட்டாரீடர், எழுத டிபி_டேட்டாரைட்டர் என்று ஆயத்தப் பாத்திரங்கள் (ரோல்கள்) உண்டு. ஓட்டுவதற்கு அப்படியொரு பாத்திரம் இல்லை. புதுப் புரொசீஜர் ஒன்றைச் சேர்த்து, உரிமை தர மறந்தால், மறுநாள் காலை பக்கம் உரிமை மறுப்பைச் சொல்லும் 229 பிழையுடன் நிற்கும். இரண்டு முறை இப்படி ஆனதும் யாரோ ஒருவர் டிபி_ஓனர் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். 2005 பதிப்பில் ஸ்கீமா (அட்டவணைகளும் புரொசீஜர்களும் அடங்கிய தொகுப்பு) முழுவதற்கும் ஒரே வரியில் ஓட்டும் உரிமை தரும் வசதி வந்தது. பழைய இணைப்புச் சரங்கள் மட்டும் புதுச் சர்வருக்கும் அப்படியே குடிபெயர்ந்தன.

ஓட்டும் உரிமை மட்டும் உள்ள கணக்கில், அழைப்பு மட்டும் ஒட்டி எழுதப்பட்டிருந்தது என்று கற்பனை செய்து பார்க்கலாம். ஊசி ஏறும், கர்சர் திறக்கும். 2000 பதிப்பில் அட்டவணைப் பெயர்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஒவ்வொரு அப்டேட்டும் 229 பிழையோடு மறுக்கப்படும். 2005இல் இன்னும் ஒரு படி மேல்: தனக்கு உரிமையில்லாத அட்டவணை, புரொசீஜர் எதையும் அமைப்பு அட்டவணைகளில் அந்தக் கணக்கால் பார்க்கவே முடியாது. சிஸ்ஆப்ஜெக்ட்ஸிலிருந்து ஓர் அட்டவணையின் பெயர்கூட வராது, கர்சர் காலி, சுழற்சி ஒருமுறைகூட ஓடாமல் முடியும். தளத்துக்காரருக்குத் தாக்குதல் நடந்ததே தெரியாமல் போயிருக்கலாம். முழுப் பாதுகாப்பு என்று இதைச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கு ஓட்டக்கூடிய புரொசீஜர்களை எல்லாம் தாக்குகிறவரும் ஓட்டலாம். அவற்றில் ஒன்று விலையைத் திருத்துவதாக இருந்தால் விலை திருத்தப்படும். ஆனால் எங்கிருந்தோ வந்த ஒரே கோரிக்கை ஐநூறு நெடுவரிசைகளை அழிக்காது.

மேலே சொன்ன தேடல் புரொசீஜர் இங்கே மறுபடியும் குறுக்கே வருகிறது. சரமாகக் கட்டி ஓட்டும் வினவலுக்கு உரிமைச் சங்கிலி பொருந்தாது. அது அழைத்தவரின் உரிமையில்தான் ஓடும். ஓட்டும் உரிமை மட்டும் தந்த நாளிலேயே தேடல் பக்கம் உடையும். அதைச் சரிசெய்ய அட்டவணைகளின் மேல் படிக்கும் உரிமையைத் தர வேண்டிவரும், கட்டிய அரணில் முதல் கல் அப்போது பெயர்கிறது. 2005இலிருந்து புரொசீஜரை வேறொரு பயனர் அடையாளத்தில் ஓட வைக்கவும், சான்றிதழால் கையொப்பமிட்டு அதற்கு மட்டும் உரிமை தரவும் வழி இருக்கிறது. நடைமுறையில் இதைச் செய்திருக்கும் குழுக்கள் அபூர்வம்.

வடிகட்டிகள்

தாக்குதல் தொடர்ந்தபோது பலரும் முதலில் கைவைத்தது வடிகட்டியில். ஒற்றை மேற்கோளை இரட்டிப்பாக்கும் செயற்கூறு ஏற்கெனவே பல தளங்களில் இருந்தது. எண் வகை உள்ளீட்டில் வந்த கோரிக்கையில் மேற்கோள் குறியே கிடையாது. பதினாறடிமான எண்ணுக்கு மேற்கோள் தேவையில்லை என்பதால்தான் தாக்கியவர்கள் அந்த வடிவத்தை எடுத்தார்கள். இரட்டிப்பாக்க எதுவும் இல்லாமல் செயற்கூறு சும்மா நின்றது.

செலக்ட், அப்டேட், டிராப் போன்ற சொற்களைத் தேடித் தடுத்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சொற்கள் எண்ணுக்குள் ஒளிந்திருந்தன. டிக்ளேர், காஸ்ட் இரண்டையும் பட்டியலில் சேர்த்தபோது, ஏஎஸ்பி-யின் ஒரு பழக்கம் காலை வாரியது. பொருளற்ற விழுக்காட்டுக் குறியை அது சத்தமில்லாமல் நீக்கிவிடும். சொல்லின் நடுவில் ஒரு விழுக்காட்டுக் குறியைச் செருகி அனுப்பினால் வெளியே நிற்கும் வடிகட்டிக்குச் சொல் தெரியாது, உள்ளே பக்கத்துக்குச் சொல் முழுதாகப் போய்ச் சேரும். இன்னொன்று, ஏஎஸ்பி-யில் ‘ரிக்வெஸ்ட்’ என்று மட்டும் எழுதி மதிப்பைக் கேட்டால் அது முகவரியில் தேடும், இல்லையென்றால் படிவத்தில் தேடும், அதிலும் இல்லையென்றால் குக்கியில் தேடும். முகவரியை மட்டும் வடிகட்டியவர்களின் பக்கத்துக்குக் குக்கி வழியாகவும் ஊசி வர முடியும். மைக்ரோசாஃப்டின் யூஆர்எல்ஸ்கேன் 3.0 என்ற வடிகட்டி முகவரியின் வினவல் பகுதியையும் சோதிக்கக் கற்றிருந்தது, படிவத்தின் உடலை அது பார்க்காது. அவசரத்துக்கு இவற்றைப் போட்டதில் தவறில்லை. போட்ட பிறகு வேலை முடிந்தது என்று கோப்பை மூடியதுதான் பிழை.

சுத்தம் செய்தபோது

பாதிக்கப்பட்டவர்களிடையே சுற்றிய சுத்திகரிப்பு நிரலைப் பார்த்தால் சிரிப்பு வரும். தாக்கியவர்களின் அதே கர்சர், அதே நான்கு வகை எண்கள், ஒட்டுவதற்குப் பதில் நீக்கும் ‘ரீப்ளேஸ்’. துணுக்கு போய்விடும். ஆனால் தரவு முழுதாகத் திரும்பவில்லை என்பது சில நாட்கள் கழித்தே பலருக்குத் தெரிந்தது.

காரணம் தாக்குதல் நிரலில் இருந்த ஒரு கவனக்குறைவு. பழைய மதிப்பை அது ‘கன்வர்ட்’ மூலம் வார்சாராக மாற்றியது, நீளம் எதையும் குறிப்பிடவில்லை. கன்வர்ட்டிலும் காஸ்ட்டிலும் நீளமில்லாத வார்சார் என்றால் 30 எழுத்து. ஒரு பக்கச் செய்திக் கட்டுரை 30 எழுத்தாக வெட்டப்பட்டு, அதன் பின்னால் துணுக்கு. பின்னால் வந்த வடிவங்களில் 4000 என்று நீளம் போட்டுத் திருத்திக்கொண்டார்கள், கெட்டுப்போன பக்கம் அவர்களுக்கும் உதவாது. முதல் அலையில் சிக்கிய நீள உரைகளுக்குக் காப்புப்பிரதி ஒன்றே வழி.

குறுகிய நெடுவரிசைகள் தப்பின. ஸ்கிரிப்ட் குறிச்சொல்லே ஐம்பது எழுத்து நீளம். வார்சார் 50 என்று அறிவித்த நெடுவரிசையில் ஒரே ஒரு வரிசையில் ஏதாவது எழுத்து இருந்தாலும் இடம் போதாமல் 8152 பிழை வந்து, அந்த நெடுவரிசைக்கான அப்டேட் முழுவதும் ரத்தாகும். ஊர்ப் பெயர் சுத்தமாக இருக்க, பக்கத்திலிருந்த முகவரி மட்டும் கெட்டுப்போயிருந்த புதிருக்கு விடை இதுதான். டெக்ஸ்ட், என்டெக்ஸ்ட் நெடுவரிசைகளில் சுத்திகரிப்பே இன்னொரு சேதத்தைச் செய்யக்கூடியது. ரீப்ளேஸ் அந்த வகைகளை நேரடியாக ஏற்காது, 2000 பதிப்பில் வார்சார் 8000 ஆக மாற்றித்தான் ஓட்ட முடியும். அதைவிட நீண்ட உரை எதுவோ, அது சுத்தம் செய்தவரின் கையாலேயே வெட்டுப்படும்.

அழைப்பைத் திருத்தாமல் தரவை மட்டும் துடைத்த தளங்கள் மீண்டும் பாதிக்கப்பட்டன. தாக்கும் கருவி ஒரே தளத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தது.

இன்றைய நிரலில்

ஏஎஸ்பி-யின் காலம் போய்விட்டது, ஒட்டும் பழக்கம் போகவில்லை. ஜாவாவின் கால்லபிள்ஸ்டேட்மென்ட், பிஎச்பி-யின் தயார்நிலை வினவல், டாட்நெட்டின் எஸ்க்யூஎல்கமாண்ட் எல்லாமே பாராமீட்டரை ஏற்கும், எல்லாவற்றிலும் சரத்தை ஒட்டவும் முடியும். டாட்நெட்டின் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் என்ற தரவுத்தள நூலகத்தின் கதை இதற்கு நல்ல சான்று. அதில் 3.0 பதிப்புக்கு முன் ஃப்ரம்எஸ்க்யூஎல் என்ற ஒரே முறை, டாலர் குறியிட்ட (மாறிகளை நடுவே பொதிந்த) சரத்தை நேராகத் தந்தால் அதிலுள்ள மதிப்புகளைப் பாராமீட்டராக மாற்றிவிட்டது. அதே சரத்தை முதலில் ஒரு மாறியில் வைத்துவிட்டுப் பிறகு தந்தால் வெறும் ஒட்டிய சரமாக ஓட்டியது. வித்தியாசம் ஒரு வரி, கண்ணில் படாது. 3.0 பதிப்பில் அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் பெயரில் ‘ரா’ என்றும் மற்றதில் ‘இன்டர்போலேட்டட்’ என்றும் சேர்த்தார்கள். இன்று ‘ரா’ உள்ள முறையில் ‘எக்ஸிக்’ என்று தொடங்கும் டாலர் சரத்தைப் பார்த்தால், அது 2008இன் அதே பக்கம்தான்.

பழைய செயலி ஒன்று கைக்கு வந்தால் நான் மூன்று இடங்களில் தேடுவேன். செயலி நிரலில் ‘எக்ஸிக்’ என்று தொடங்கி இணைப்புக் குறியோடு முடியும் சரங்கள். தரவுத்தளத்தில் சிஸ்.எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸ் காட்டும் புரொசீஜர் உரைகளில் அடைப்புக்குள் மாறியை ஓட்டும் ‘எக்ஸிக்’. இணைப்புச் சரத்தில் உள்ள கணக்கின் பாத்திரம். இவற்றில் முதலில் திருத்த வேண்டியது மூன்றாவது. ஒட்டிய அழைப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த மாதங்கள் ஆகும், கணக்கு ஒன்றே ஒன்று. டிபி_ஓனரை ஒரே நாளில் பிடுங்கினால், புரொசீஜர் வழியே போகாமல் அட்டவணையை நேராகத் தொடும் பக்கங்கள் எல்லாம் நிற்கும். ஆகவே பழைய கணக்கை விட்டுவைத்து, ஓட்டும் உரிமை மட்டும் உள்ள புதுக் கணக்கை உருவாக்கி, பக்கங்களைத் தொகுதி தொகுதியாக அதற்கு மாற்றுவது நடக்கக்கூடிய வழி.

2008இல் அவ்வளவு அவகாசம் இல்லாத நிர்வாகிகள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். செயலியின் கணக்குக்குச் சிஸ்ஆப்ஜெக்ட்ஸ், சிஸ்காலம்ஸ் இரண்டின் மேலும் ‘டினை செலக்ட்’ என்ற படிக்கும் தடையைப் போட்டார்கள். கர்சருக்குத் தீனி கிடைக்காமல் போனது, அந்தத் தாக்குதல் நின்றது. அட்டவணையின் பெயரை முன்பே அறிந்துகொண்டு வருகிறவரை அந்த இரண்டு வரிகள் நிறுத்தாது. அதே பெயர்களை, அட்டவணைப் பட்டியலைத் தரும் இன்னொரு வழியான இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா மூலம் கேட்பவரைப் பற்றியும் அன்று பலர் யோசிக்கவில்லை.